குதிரை நலமா?

1903. பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கையில் இருந்த காலம். மணிலாவில் கவர்னராக இருந்த வில்லியம் ஹாவர்ட் டாஃப்டுக்கு உடம்பு சரியில்லை. பிலிப்பைன்ஸ் விவகாரங்களைப் பார்த்துக்கொண்டது வாஷிங்டனில் இருந்த போர்த்துறை. அதன் செயலாளர் எலிஹு ரூட் நண்பரை நினைத்துக் கவலைப்படுகிறார். இளைப்பாற மலைக்குப் போன டாஃப்ட் தந்தி அடிக்கிறார்: பயணம் நன்றாக முடிந்தது, 25 மைல் குதிரையில் வந்தேன், 5,000 அடி ஏறிவிட்டேன். டாஃப்ட் 130 கிலோவுக்கு மேல் எடையுள்ள மனிதர். ரூட்டிடமிருந்து பதில் தந்தி வருகிறது: குதிரை எப்படி இருக்கிறது?

படித்ததும் நானும் சிரித்தேன். இன்னமும் சிரிப்பு வருகிறது. டாஃப்டே அதை ரசித்து மற்றவர்களிடம் சொன்னார். பிற்பாடு அவர் அமெரிக்க அதிபர் ஆனார், ரூட்டுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பெரிய பதவியில் இரண்டு பேர், நடுவில் பசிபிக் கடல், ஒருவர் மேல் ஒருவருக்கு உண்மையான அக்கறை. அந்த அக்கறை கிண்டலாக வெளிப்படுகிறது. நம் பையன்கள் குண்டான நண்பன் பின்னால் ஏறும்போது "பைக் பாவம்டா" என்று சொல்வதில்லையா, அதே பாசம்தான்.

ஆனால் 5,000 அடி எனக்குப் பழகிய எண். நான் பிறந்து வளர்ந்த கேமரன் மலையும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். டாஃப்ட் ஏறியது பெங்கெட் மலை, இன்றைக்குப் பாகியோ என்று பெரிய நகரம். மலையில் நகரம் தானாக முளைக்காது, யாரோ சாலை வெட்டியிருக்க வேண்டும் என்பது மலையில் பிறந்தவனுக்குத் தெரியும். பெங்கெட் சாலை வேலை 1901-இல் தொடங்கி 1905-இல் முடிந்தது. டாஃப்ட் குதிரையில் மேலே போன வருஷம் கீழே பள்ளத்தாக்கில் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பிலிப்பினோக்கள், ஜப்பானியர், சீனர், அமெரிக்கர் என்று பல நாட்டு ஆட்கள். மண்சரிவிலும் காய்ச்சலிலும் பலர் செத்தார்கள். பின்னாளில் அந்தச் சாலைக்கு, வேலையை முடித்துக்கொடுத்த ராணுவ அதிகாரி கென்னனின் பெயரை வைத்தார்கள்.

ரூட் குதிரையை விசாரித்தார். பாறை உடைத்தவர்களை விசாரிக்கவில்லை. இது தப்பா?

"ஆமாம், தப்புதான், காலனியாதிக்கம்" என்று உடனே சொல்லிவிடலாம். எங்கள் தலைமுறைக்கு அது கைவந்த கலை. ஆனால் அப்படிச் சொன்னால் கேள்வி தீர்ந்துபோகிறதே தவிர பதில் கிடைப்பதில்லை. இரண்டு நண்பர்களுக்கு நடுவில் போகும் தந்தியில் உலகத்தில் உள்ள எல்லாரையும் நலம் விசாரிக்க முடியாது. டாஃப்ட் கொடூரமானவரும் அல்ல. பிலிப்பினோக்களை "சின்னப் பழுப்புச் சகோதரர்கள்" என்று அழைத்தவர் அவர்தான். (தம்பி என்று ஒருவரைக் கூப்பிடும்போதே நாம் அண்ணனாகிவிடுகிறோம், இது தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.) சாலை வேலையில் எத்தனை பேர், என்ன செலவு என்பதற்கெல்லாம் தனிக் கோப்புகள் இருந்தன. நட்புக்கு ஒரு கடிதம், நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். முதலாவதில் குதிரைக்கு இடம் உண்டு. இரண்டாவதில் ஆட்கள் எண்ணிக்கையாக வருவார்கள். எங்கள் மலையின் கதையும் இந்த இரண்டாவது வகைக் கடிதங்களில்தான் இருக்கிறது.

வில்லியம் கேமரன் 1885-இல் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தார். அதற்கப்புறம் நாற்பது வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925-இல் மலாய் கூட்டு மாநிலங்களின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்த பிறகுதான் மலைநகரம் அமைக்கும் வேலை சூடு பிடித்தது. பாகியோவுக்குச் சொன்ன அதே காரணம்: வெயிலில் வாடும் அதிகாரிகளுக்குக் குளிர்ந்த இடம் வேண்டும். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931-இல் தாப்பாவிலிருந்து சாலை மேலே வந்து சேர்ந்தது. தோட்டம் உருவான கதையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு இப்படிச் சொல்வார்கள்: கொஞ்சம் வேலையாட்கள், கோவேறு கழுதைகள், ஒரே ஒரு ஸ்டீம் ரோலர். இந்த வரிசையில் திருத்தமாக எண்ணப்பட்டது ரோலர் மட்டும்தான் என்பதை நான் வளர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

அந்த வேலையாட்களின் கூலி எப்படி முடிவானது என்று பார்த்தால் பெரிய கடிதப் போக்குவரத்து இருக்கிறது. இந்தியாவின் 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு, மலாயாவுக்கு ஆள் அனுப்ப இந்திய அரசின் சம்மதம் தேவைப்பட்டது. இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் மலாயாவில் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்து எழுதினார். அவர் எழுதியது டில்லிக்குப் போனது, கோடைக்காலத்தில் சிம்லாவுக்குப் போனது. மெட்ராஸ் அரசாங்கம் கோடையில் ஊட்டிக்கு ஏறிவிடும். சிங்கப்பூரில் ஹை கமிஷனர், லண்டனில் காலனி அலுவலகம், இந்தியா அலுவலகம். மலையில் நிற்கும் தமிழனின் கூலியைப் பற்றி இன்னொரு மலையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்!

1928 வாக்கில் நிர்ணயித்த கூலி, எளிதாகப் போய்வரக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உட்பகுதிகளைப் போன்ற தூரமான இடங்களில் 58, 46. பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பரைப் பெருமளவில் வாங்கியது அமெரிக்கக் கார் தொழில்தான், அது படுத்ததும் இங்கே ஐந்தில் ஒரு பங்கு கூலி போனது: 40, 32. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அதற்குச் சில வருஷம் முன்னால், ரப்பர் விலையைத் தூக்கிப்பிடிக்க பிரிட்டன் கொண்டுவந்த ஸ்டீவன்சன் திட்டத்தை அமெரிக்க வணிகச் செயலாளர் ஹெர்பர்ட் ஹூவர் கடுமையாக எதிர்த்திருந்தார். ஒரு பக்கம் தோட்ட முதலாளியின் லாபம், மறுபக்கம் அமெரிக்கக் காரோட்டியின் டயர் விலை. பால் வெட்டுகிறவர் அந்தச் சண்டையில் உற்பத்திச் செலவு.

நான் பொறியாளன், எண்களைப் பார்த்தால் வகுத்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. 40-ஐ 50-ஆல் வகுத்தால் 0.8. 32-ஐ 40-ஆல் வகுத்தாலும் 0.8. 58-க்கு 46.4 வர வேண்டும், காசில் 0.4 கிடையாது என்பதால் 46. கூலி ஏறியது, இறங்கியது. விகிதம் அசையவில்லை. இரண்டு நாட்டு அரசாங்கங்கள் காசுக்காக இழுபறி நடத்திய இடத்தில், பெண் என்றால் ஐந்தில் நாலு என்பது புவியீர்ப்பு விசை மாதிரி அப்படியே கிடந்தது. தேயிலையில் கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள் என்பதால் இந்த 0.8 என்னை விடவே இல்லை.

இங்கே தமிழ் இலக்கணம் உதவுகிறது. தொல்காப்பியம் சொற்களைப் பேச ஆரம்பிக்கும்போதே உலகத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறது: மனிதர் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. நாம் பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த விஷயம். ஆனால் சில நேரம் திணை மாறும். கன்றுக்குட்டியை "என் ராசா வந்துட்டான்" என்போம், பிடிக்காதவனை "அது வந்துச்சா?" என்போம். இப்படி மாறினாலும் தவறில்லை என்று நன்னூல் ஐந்து காரணங்கள் தருகிறது: மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு. ஐந்துமே உணர்ச்சிகள் என்பதைக் கவனியுங்கள். ஒருவரை அஃறிணையாக்க வேண்டுமென்றால் குறைந்தபட்சம் அவர்மேல் கோபமாவது வேண்டும்.

கோப்புகளில் நடக்கும் திணை மாற்றத்துக்கு எந்த உணர்ச்சியும் தேவைப்படுவதில்லை. கூலி குறைத்த அதிகாரிக்குக் கோபம் இல்லை, இளக்காரம்கூட இருந்திருக்க வேண்டியதில்லை. கணக்கு மட்டும் இருந்தது. நன்னூலார் இந்த ஆறாவது காரணத்தை யோசிக்கவில்லை, அவர் காலத்தில் இவ்வளவு பெரிய அலுவலகம் இல்லை போலும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது, அதைத் தாண்டிப் போக நான் விரும்பவில்லை. எண்ணாமல் நிர்வாகம் செய்ய முடியுமா? லட்சக்கணக்கான பேரைப் பெயர் பெயராக நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா? அதைவிட முக்கியம், எண்ணியதால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று வருஷா வருஷம் எழுதினார்கள். அந்த எண்கள் அறிக்கைகளில் ஏறி, மேசை மேசையாக நகர்ந்து, மேலிடத்துக்குச் சங்கடத்தை உண்டாக்கின. தோட்ட ஆஸ்பத்திரி, தண்ணீர், மலேரியா ஒழிப்பு எல்லாம் கவனத்துக்கு வந்ததில் அந்த எண்களுக்குப் பங்கு உண்டு. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910-இல் முடிவுக்கு வந்ததற்குப் பின்னாலும் இப்படிப்பட்ட அறிக்கைகளும் கடிதங்களும் இருக்கின்றன. யாரோ ஒரு குமாஸ்தா உணர்ச்சியே இல்லாமல் பிணங்களை எண்ணி எழுதியது, உணர்ச்சிவசப்பட்ட நூறு பேச்சுகளைவிட அதிகம் சாதித்திருக்கலாம்.

ஆகவே எண்ணியது தவறில்லை. பிசகு இலக்கணத்தின் இன்னொரு பகுதியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தன்மை, முன்னிலை, படர்க்கை. கடிதம் எழுதுகிறவர் தன்மை, படிக்கிறவர் முன்னிலை, பேசப்படுகிறவர் படர்க்கை. படர்க்கையாக இருப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை, நாம் எல்லாரும் யாரோ ஒருவருடைய பேச்சில் படர்க்கைதான். ஆனால் இன்னொரு நாள், இன்னொரு கடிதத்தில் நாம் முன்னிலையாகவும் ஆவோம். டாஃப்டுக்கு ரூட் பதில் எழுதினார். தோட்டத்து ஆளுக்கு யாரும் எழுதவில்லை. அவர் கூலியைப் பற்றி டில்லி சிங்கப்பூருக்கு எழுதியது, சிங்கப்பூர் லண்டனுக்கு எழுதியது. செய்தி அவருக்கு வந்து சேர்ந்தது காலைப் பெரட்டில், கங்காணி வாய்வழியாக. "துரை சொல்லிட்டாரு, இனிமே நாப்பது காசு."

1936-ஆம் ஆண்டுக் கடைசியில் இந்த வரிசையில் ஓர் ஓட்டை விழுந்தது. இந்திய அரசு வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியை மலாயாவுக்கு அனுப்பியது. வலங்கைமான்காரர், ஆங்கிலப் பேச்சுக்குப் பேர்போனவர், காந்தியின் நண்பர், அதற்கு முன் தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் ஏஜெண்டாக இருந்தவர். எல்லாவற்றையும்விட, தமிழர். தொழிலாளியிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் "என்னப்பா, எப்படி இருக்கே?" என்று கேட்கக்கூடிய ஒருவர், முதல் தடவையாக அந்தக் கோப்பின் மேல்மட்டத்தில் இருக்கிறார். 1937-இல் அறிக்கை வந்தது. பழைய 50, 40 காசைத் திரும்பக் கொடுக்க வேண்டும், கங்காணி ஆள்பிடிப்பை நிறுத்த வேண்டும், ஆனால் அரசு உதவியோடு ஆட்கள் வருவது தொடரலாம் என்றார். மலாயா இந்தியர்களில் பலருக்கு ஏமாற்றம். நிலைமை பொதுவாகத் திருப்திதான் என்கிற தொனியை அவர்களால் சீரணிக்க முடியவில்லை.

டாஃப்டை எடைபோடுவது எனக்குச் சுலபம், சாஸ்திரியை எடைபோடுவது கஷ்டம். 10 காசு என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்க முயன்றவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் அவர் திருப்பிக் கேட்ட எண்களிலும் அதே 0.8 பத்திரமாக இருக்கிறது. மொழி தெரிந்திருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. எழுதப்போகும் அறிக்கையை யார் படிக்கப்போகிறார்கள் என்பது, எதிரில் நிற்பவரிடம் என்ன கேட்கிறோம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. அடுத்த வருஷமே ரப்பர் விலை விழுந்து மறுபடி கூலிக் குறைப்புப் பேச்சு வந்தபோது, 1938 ஜூனில் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தையே நிறுத்திவிட்டது. அறிக்கையைவிட அந்த ஒரு உத்தரவுக்குப் பலம் அதிகம்.

1941-இல் கிள்ளானில் தொழிலாளர்களே பேச ஆரம்பித்தார்கள். வேலைநிறுத்தம் பெரிதாகி, ஆர்.எச். நாதன் கைதாகி, ராணுவம் வந்து, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தது வரலாறு. அவர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலில் என்னை நிறுத்தும் ஒரு வரி உண்டு. சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களிடம் அத்துமீறாமை, கள்ளுக்கடை மூடல் இவற்றோடு, துரைமார் முன்னாலும் கிராணிமார் முன்னாலும் சைக்கிளில் இருந்து இறங்காமல் போக உரிமை வேண்டும் என்றும் கேட்டார்கள். கவர்னர் ஷென்டன் தாமஸ் லண்டனுக்கு எழுதியபோது இதையெல்லாம் வெளியாட்களின் அரசியல் தூண்டுதலாகத்தான் பார்த்தார். காசை அரசாங்கக் கடிதம் புரிந்துகொள்ளும், கூட்டவோ குறைக்கவோ செய்யும். சைக்கிளை எந்தக் கட்டத்தில் எழுதுவது? துரையைப் பார்த்ததும் இறங்கி நின்று, அவர் போனபிறகு ஏறும் அந்த அரை நிமிஷத்துக்கு அளவுகோல் கிடையாது.

இந்தக் கதைகளை நான் தோண்டுவதற்குக் காரணம் இப்போது நான் செய்யும் வேலை. மலைச்சாலையில் மண் சரிந்த ஓர் இடத்தைத் தாங்குசுவர் கட்டி நிறுத்தும் வேலை. தினமும் சாயங்காலம் தினசரி அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் ஆட்கள் என்று ஒரு வரி, எண் மட்டும்: 34. அதற்குக் கீழே இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிவு எண், ஓடிய மணிநேரம், அப்புறம் 'நிலை' என்று ஒரு கட்டம்: நன்று, பழுது, சர்வீஸில். எங்கள் ரோலர் எப்படி இருக்கிறது என்று கோலாலம்பூர் தலைமையகத்துக்கு நாள்தோறும் தெரியும். அந்த 34 பேர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தேயிலைத் தோட்டங்களிலும் இப்போது பெரும்பாலும் அவர்கள்தான். ஒரு காலத்தில் நம்மாட்கள் இருந்த லயங்களில் வேறு மொழியில் பாட்டு கேட்கிறது. காலையில் எங்கள் தமிழ் மேற்பார்வையாளர் போனில் கேட்பார்: "லேபர் வந்துச்சா?"

வந்துச்சு. பன்மைகூட இல்லை.

அவர் நல்லவர். தீபாவளிக்கு அவர்களுக்குத் தன் கைக்காசில் சாப்பாடு போட்டவர். ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டேன், "அண்ணே, மெஷினுக்கு நிலைன்னு ஒரு காலம் இருக்கு, ஆளுங்களுக்கு ஏன் இல்ல?"

"அதுக்குத்தான் எம்.சி. இருக்கே தம்பி."

"இவங்க எம்.சி. எடுத்தா அன்னிக்கு நாள்கூலி கிடையாதே."

"அது சப்-கான் விஷயம்," என்றார். தட்டிக்கழிக்கச் சொல்லவில்லை, உண்மையாகவே அது துணை ஒப்பந்தக்காரர் விஷயம்தான். மெட்ராஸ் சிங்கப்பூரைக் காட்டியது, சிங்கப்பூர் தோட்டக்காரரைக் காட்டியது, தோட்டக்காரர் ரப்பர் விலையைக் காட்டினார். ஒவ்வொருவர் சொன்னதும் அவரவர் அளவில் உண்மை. பொறுப்பு என்பது கடைசிவரை யாருடைய மேசையிலும் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்க, யாரும் பொய் சொல்ல வேண்டியதே இல்லை.

அப்படியானால் விசாரிக்கத் தெரிந்த கடிதம் எது? என் பாட்டி ஞாபகத்துக்கு வருகிறார். அவருக்கு எழுதத் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லி, ஊரில் இருக்கும் சொந்தங்களுக்குக் கடிதம் போடுவார். இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் அனைவர் நலமறிய ஆவல் என்று தொடங்கி, பெரியப்பா முதல் கைக்குழந்தை வரைக்கும் பேர் பேராக விசாரிக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அடுத்த கடிதத்தில் சண்டை வரும். கடைசியில் மாடு. "செவலை கன்னு போட்டுச்சான்னு கேளுங்க வாத்தியாரே." வாத்தியார் சிரிப்பாராம், பாட்டி சிரிக்கவில்லை. அந்த மாடு கன்று போட்டால்தான் அங்கே பால், அந்தப் பாலைக் குடிக்க ஒரு பிள்ளை இருந்தது. குதிரை எப்படி இருக்கிறது என்பதை ஒருவர் வேடிக்கைக்காக இல்லாமலும் கேட்க முடியும்.

இதோடு நிறுத்தினால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் பாட்டியின் கடிதங்களிலும் ஒரு கூட்டம் இல்லை. இந்த மலை யாருடையது என்று கேட்டால், தேயிலைக்கும் சாலைக்கும் துரைக்கும் முன்பே இங்கே இருந்தவர்கள் செமாய் மக்கள். தோட்டத்துக்குப் பெத்தாயும் தேனும் கொண்டுவந்து விற்றவர்கள், காட்டு வழி தெரிந்தவர்கள். நம்மாட்கள் அவர்களை ஒரு பட்டப்பேரால்தான் குறிப்பிடுவார்கள், அதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. அவர்களைப் பற்றிப் பேசும்போது வினைமுற்று தானாகவே அஃறிணைக்குப் போய்விடும். பாட்டியிடம் ஒரு தடவை கேட்டேன், இத்தனை வருஷக் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொன்னதில்லையா என்று.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கு அவங்க யாருன்னே தெரியாதேப்பா. எழுதி என்ன பண்ண?"

டாஃப்டும் இதையே சொல்லியிருக்கலாம். பெங்கெட் சாலையில் வேலை செய்த யாரையும் ரூட்டுக்குத் தெரியாது. அந்தக் குதிரையையும் அவருக்குத் தெரியாது, ஆனால் முதுகில் ஒரு கனத்த ஆளோடு மலையேறினால் குதிரைக்கு என்ன ஆகும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.